காயில்காரரின் இருபத்து நாலு வோல்ட்

அந்தச் சந்தில் அவருடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. காயில்காரர் என்று கேட்டால் போதும், பால் ஊற்றுகிறவர் முதல் தபால்காரர் வரை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாசலில் விட்டுவிடுவார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். பன்னிரண்டு வயதில் ஒலிபெருக்கிக் குழாயைத் தோளில் சுமந்துகொண்டு கம்பம் கம்பமாக ஏறியவர். செத்துப்போன ஆம்ப்ளிஃபயர்களைப் பிரித்துப் பார்த்துப் பார்த்தே தொழிலைக் கரைத்துக் குடித்தவர். ஒரு வாத்தியார் சொல்லித் தரவில்லை, ஒரு புத்தகம் புரட்டவில்லை. பத்தொன்பதாம் வயதில் முதல் டிரான்ஸ்ஃபார்மருக்குக் காயில் கம்பியைத் தன் கையால் சுற்றினார். அது புகைந்தது. இரண்டாவது சூடானது. மூன்றாவது இன்றைக்கும் ஒரு தையற்கடையில் ஓடிக்கொண்டிருக்கிறது. இது அளந்துவிடுகிற கதை இல்லை. போய்த் தொட்டுப் பார்க்கலாம், உள்ளங்கைச் சூடுகூட இருக்காது.

"பட்டம் வாங்கினவன் பேப்பர்ல சுத்துவான், நான் கம்பியில சுத்துவேன்" என்று யார் வந்தாலும் சொல்வார். சொல்லிவிட்டு மேசைமேல் இருக்கும் பழைய பிஸ்கட் டின்னைத் தட்டுவார். டின்னுக்குள் இருப்பது அவரே செய்த பவர் சப்ளை. வீட்டுக் கரண்டை உள்ளே வாங்கி, குறைத்து, நேராக்கி, பெரிய ஆம்ப்ளிஃபயர்களைச் சோதிப்பதற்கு வெளியே கொடுக்கும். டிரான்ஸ்ஃபார்மர், டயோடு, பானை மாதிரி இரண்டு கெப்பாசிட்டர், அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட அது படுத்ததில்லை.

டின்னுக்குப் பக்கத்தில் ஊசி மீட்டர் ஒன்று இருக்கும். அவர் தொழிலுக்கு என்று முதன்முதலாக வாங்கிய கருவி அது. போன வருஷம் மேசையிலிருந்து விழுந்ததில் ஊசியைச் சுழியத்தில் நிறுத்துகிற திருகு உடைந்துபோனது. அன்றிலிருந்து ஊசி சும்மா கிடக்கும்போதே சுழியத்துக்கு மூன்று கோடு கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். முப்பது வோல்ட் இருந்தால் இருபத்தேழு என்று காட்டும். வேறொரு ஆளாக இருந்தால் புது மீட்டர் வாங்கியிருப்பார். காயில்காரர் வாங்குவாரா?

"என் மீட்டர் பொய் சொல்லும். ஆனா எவ்வளவு பொய் சொல்லும்னு எனக்குத் தெரியும்ல" என்பார். அளக்கும்போதெல்லாம் வாய்விட்டுச் சொல்வது அவர் வழக்கமாகிவிட்டது. "ஒம்பது. மூணு கூட்டு, பன்னெண்டு." "பதினஞ்சு. மூணு கூட்டு, பதினெட்டு."

இதை எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர் மனைவி. வேறு வழியில்லை. அவருடைய கட்டில் அதே அறையில், மேசைக்கு நாலடி தள்ளித்தான் கிடந்தது. நுரையீரல் சுருங்கிப்போன நோய். மூன்று செங்கலை அடுக்கிய அளவில் ஒரு பெட்டி, கட்டிலோரம் நாற்காலியில் இருந்தபடி காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, ஒரு மெல்லிய குழாய் வழியாக அவர் மூக்குக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். புஸ் என்று ஒரு மூச்சு, டக் என்று ஒரு தட்டு. அந்தச் சத்தம் இருக்கிறவரைக்கும் வீட்டில் எல்லாரும் நிம்மதியாக இருக்கலாம்.

பெட்டியைக் கொண்டுவந்து வைத்த கம்பெனி ஆள் அன்றைக்கே தெளிவாகச் சொன்னார். "ஐயா, இது இருபத்து நாலு வோல்ட்ல ஓடும். இருபத்திரண்டுக்குக் கீழ போனா நின்னுடும். இருபத்தாறத் தாண்டினா உள்ள போர்டு போயிடும், அப்புறம் பெட்டியைத் தூக்கித்தான் போடணும். இந்த அடாப்டர் ஒண்ணுதான் உயிர். கூட ஒரு அடாப்டர் வாங்கி வச்சுக்கங்க."

காயில்காரர் சிரித்தார். "தம்பி, யார் வீட்ல நின்னு பேசறீங்கன்னு தெரியுமா? வாசல்ல போர்டு பாத்துட்டுதானே வந்தீங்க? அடாப்டர் செத்தா நான் செஞ்சுக்கறேன்."

கம்பெனி ஆள் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டார். கட்டிலில் இருந்த மனைவிதான் சொன்னார். "ஒண்ணு வாங்கி வச்சா என்ன, அது சோறா கேக்கப் போகுது?"

"நான் இருக்கேன்ல" என்றார் காயில்காரர். பேச்சு அதோடு முடிந்தது.

மழைக்காலத்தில் ஒரு காலை. இரண்டு நாள் விடாமல் கொட்டிவிட்டு அப்போதுதான் ஓய்ந்திருந்தது. பத்து மணிக்குத் தெருமுனைக் கம்பத்தில் கிளை விழுந்து இரண்டு கம்பிகள் ஒட்டிக்கொண்டன. வீட்டு விளக்குகள் ஒரு நொடி வெள்ளை வெளேரென்று எரிந்து அணைந்தன. கட்டிலோரம் பட் என்று ஒரு சத்தம். பிறகு வாடை. உருகிய பிளாஸ்டிக்கும் கருகிய வார்னிஷும் கலந்த வாடை. ஐம்பது வருஷமாக அவர் மூக்குக்குப் பழகின வாடைதான், ஆனால் அன்றைக்கு அது கட்டில் பக்கத்திலிருந்து வந்தது.

லைன்மேன் வந்து அரை மணி நேரத்தில் கம்பியைச் சரி செய்துவிட்டார். விளக்கு வந்தது, மின்விசிறி சுற்றியது. அடாப்டர் மட்டும் வரவில்லை. அதன் கறுப்பு ஓடு ஒரு பக்கம் வீங்கி, வெடித்துத் திறந்திருந்தது.

பெட்டிக்குள் ஒரு சின்ன பேட்டரி உண்டு. இரண்டு மணி நேரம் தாங்கும், ஒரு பச்சைக் கோட்டுக்கு அரை மணி நேரம் என்று நாலு கோடு. கரண்டு போயிருந்த நேரத்திலேயே ஒரு கோடு அணைந்துவிட்டது.

மாடியில் குடியிருக்கும் மனைவியின் தம்பி இறங்கி ஓடிவந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மழைக்காகப் பள்ளிக்கூடம் விடுமுறை. வந்ததும் போனைக் கையிலெடுத்துக்கொண்டு வாசலுக்கும் அறைக்குமாக நடந்தார். கம்பெனி ஆள் ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஆஸ்பத்திரியும் அந்தப் பக்கம். பாலத்துக்கு மேலே தண்ணீர் ஓடுகிறது. சுற்றுவழியாக வண்டி வர மூன்று மணி ஆகும் என்றார்கள். இந்தப் பக்கத்துச் சின்ன மருத்துவமனையில் இருப்பதே ஒரு சிலிண்டர், அதில் ஒரு குழந்தை.

"மாமா, மணி பத்தரை. பேட்டரி பன்னெண்டுக்கு முடியுது. வண்டி மூணு மணிக்கு" என்றார் வாத்தியார். கணக்கு வாத்தியார் கழித்துப் பார்க்காமல் நிறுத்தியது அன்றுதான். மீதி மூன்று மணி நேரம். ஆனால் அந்த வீட்டில் எல்லாருக்கும் வேறொரு அளவு தெரியும். போன மாதம் குழாய் கழன்றதைக் கவனிக்காமல் விட்டதில், எட்டே நிமிஷத்தில் மனைவியின் உதடு நாவல் பழ நிறத்துக்குப் போயிருந்தது.

காயில்காரர் முகத்தில் ஈயாடவில்லை. நான் இருக்கேன்ல என்று சொன்ன வாய் அவருடைய வாய்தான். ஆனாலும் பழக்கம் விடுமா?

"எதுக்கு இப்படித் தவிக்கிறே மச்சான்? இருபத்து நாலு வோல்ட்டு என்ன வானத்துலேர்ந்தா வரணும்? டின்னுல இருக்கு. கொஞ்சம் கூடுதலா இருக்கு, இறக்கிக் குடுத்தா முடிஞ்சுது."

"இறக்க முடியுமா?"

"என்கிட்டயா கேக்கறே?"

கட்டிலில் மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மனைவி அவரைப் பார்த்தார். முப்பத்தெட்டு வருஷம் பார்த்த பார்வை. பேட்டரி கூடுதல் நேரம் வரட்டும் என்று ஆக்சிஜன் அளவை மூன்றிலிருந்து இரண்டுக்குக் குறைத்திருந்தார்கள். அதனால் பேச்சை மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது.

காயில்காரர் டின்னைத் திறந்தார். மீட்டர் கம்பிகளை வைத்தார். வழக்கமாக வாய்விட்டுச் சொல்கிற ஆள், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. திறந்தால் குரல் நடுங்கும், நடுங்கினால் நாலடி தள்ளி இருப்பவருக்குக் கேட்கும். மனதுக்குள்ளேயே படித்துக்கொண்டார். முப்பத்திரண்டு.

முப்பத்திரண்டை இருபத்தைந்துக்குக் கொண்டுவர வேண்டும். வெறுமனே நிற்கும்போது இருபத்தைந்து இருந்தால், பெட்டி கரண்டை இழுக்கும்போது இரண்டு இறங்கி இருபத்து மூன்றில் நிற்கும். கீழே ஒரு வோல்ட் இடம், மேலே ஒரு வோல்ட் இடம். அந்த நடுவிலே நூல் பிடித்த மாதிரி போக வேண்டும்.

"ஒரு ரெசிஸ்டரைப் போட்டுக் குறைச்சா ஆகாதா மாமா? நாங்க பசங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுக்கிறோம்" என்றார் வாத்தியார்.

"பசங்களுக்குச் சொல்லிக் குடு. இந்தப் பெட்டி உங்க அக்கா மாதிரி, மூச்சு மூச்சா இழுக்கும். இழுக்கும்போது ரெசிஸ்டர் குறைக்கும், இழுக்காதப்ப சும்மா பாத்துக்கிட்டு நிக்கும். அந்த நேரத்துல முழு வோல்ட்டும் உள்ள போயிடும்."

"டிரான்சிஸ்டர்?"

"இருக்கு. பழசு. அது நடுவுல செத்தா கதவைத் திறந்து விட்டுட்டுத்தான் சாகும். அப்பவும் முழுசும் உள்ள போகும்." அவர் டிரான்ஸ்ஃபார்மரைக் காட்டினார். "தண்ணி கூடுதலா வந்தா குழாய் வாய்ல துணியை அடைக்கிறதா? மேல தொட்டியிலேயே குறைக்கணும். சுத்தைக் கழட்டப் போறேன். மூணு சுத்து எடுத்தா ஒரு வோல்ட்டு இறங்கும். நான் சுத்தினது, எனக்குத் தெரியும்."

வாத்தியார் விரலை மடக்கினார். "முப்பத்திரண்டுல இருபத்தஞ்சு போனா ஏழு. ஏழு மூணு இருபத்தொண்ணு. இருபத்தொரு சுத்து. கணக்கு சரி மாமா."

"உன் கணக்கு சரியா இல்லாம போனா நாங்க எங்க போறது" என்றார் காயில்காரர். மச்சானைச் சீண்டுவதற்காகச் சொன்னது. ஆனால் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

பிளக்கைப் பிடுங்கி, லாரி ஹெட்லைட் பல்ப் ஒன்றைத் தொடவைத்து கெப்பாசிட்டரில் தேங்கியிருந்த கரண்டை வடித்தார். டிரான்ஸ்ஃபார்மரின் வெளிச்சுற்றுக் கம்பி தடிப்பானது, செம்புக்கு மேலே மெல்லிய பூச்சு. கம்பி நுனியை இரும்புத் தகடுகளின் இடுக்கு வழியாக ஒவ்வொரு சுற்றாக வெளியே இழுக்க வேண்டும். தகட்டு விளிம்பில் உரசினால் பூச்சு போகும். பூச்சு போன இடத்தில் இரண்டு சுற்று ஒட்டிக்கொண்டால் டிரான்ஸ்ஃபார்மர் சுட்டு, புகைந்து, வீட்டையே நாறடித்துவிட்டுச் செத்துப்போகும். வேறு டிரான்ஸ்ஃபார்மர் சுற்ற ஒரு நாள் வேண்டும். அவர் கையில் இருந்தது இரண்டு பச்சைக் கோடு.

ஒன்று. இரண்டு. மூன்று. வாத்தியார் எண்ணினார், இவர் இழுத்தார். முன்பெல்லாம் இதே வேலையை வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற மாதிரி அசட்டையாகச் செய்வார். இன்றைக்கு விரல் நுனி மரத்துப்போய், கம்பியைப் பிடித்திருக்கிறதா விட்டுவிட்டதா என்றே தெரியவில்லை. நெற்றி வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. துடைக்கக் கையை எடுக்க பயமாக இருந்தது.

பதினாலாவது சுற்றில் கம்பி ஒரு தகட்டு மூலையில் சரக்கென்று உரசியது. அந்தச் சத்தம் அவர் பல்லில் கேட்டது. குனிந்து பார்த்தார். உள்ளே மிச்சமிருக்கும் சுற்றில், நகக்கண் அளவுக்குச் செம்பு பளபளவென்று தெரிந்தது.

"போச்சா?" என்றார் வாத்தியார்.

அவர் எழுந்து அந்த இடத்தில் பூச வார்னிஷ் தேடினார். அலமாரியில் வார்னிஷ் டப்பா இருந்தது. மூடியைத் திறந்தால் அடியில் கருங்கல்லாகக் காய்ந்து கிடந்தது.

கட்டிலில் இருந்து மெல்லிய குரல் வந்தது. "என் டப்பால... நகப் பூச்சு இருக்கும்."

காயில்காரர் திரும்பினார். மனைவி கண்ணாடிக்குக் கீழே இருந்த தகர டப்பாவைக் கண்ணாலேயே காட்டினார். வாத்தியார் ஓடிப்போய் எடுத்துவந்தார். சிவப்பு நகப் பூச்சு, பாதி சீசா. தீக்குச்சி முனையில் தொட்டு, செம்பு தெரிந்த இடத்தில் வைத்தார் காயில்காரர். மாதுளை முத்து மாதிரி உட்கார்ந்தது.

"நான் போட்டா... இந்த வயசுல எதுக்குன்னு கேப்பீங்க" என்றார் மனைவி. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் பெட்டி ஒரு தட்டு தட்டியது. "உங்க சின்ன வீட்டுக்கு மட்டும்... போட்டு விடறீங்க."

வாத்தியார் சிரித்துவிட்டார். காயில்காரரால் முடியவில்லை. பூச்சு காய ஐந்து நிமிஷமாவது விட வேண்டும். ஐந்து நிமிஷமும் கையில் விசிறிக்கொண்டே பெட்டியைப் பார்த்திருந்தார். அந்த நேரத்தில் இரண்டு கோடு ஒன்றாகியது. பெட்டி ஒரு முறை கீச்சென்று கத்தி எச்சரித்தது. மனைவியின் விரலில் கவ்வி, இரத்தத்தில் ஆக்சிஜனை அளக்கிற சின்னக் கருவி எண்பத்தெட்டு காட்டியது. தொண்ணூறுக்குக் கீழே போகக் கூடாது என்பது டாக்டர் வார்த்தை.

பதினைந்து, பதினாறு. இருபத்தொன்று. மிச்சக் கம்பியை வெட்டி, முனையைச் சுரண்டி, ஈயம் வைத்தார். எரிந்துபோன அடாப்டரின் வயரை வெட்டி, நடு ஊசி பிளஸ் என்று இரண்டு முறை பார்த்து டின்னோடு சேர்த்தார். பிளக்கைச் செருகினார். மீட்டர் ஊசி எழுந்து இருபத்தைந்தில் நின்றது. பெட்டி இழுக்கிற மாதிரி கரண்டை இழுத்துப் பார்க்க ஹெட்லைட் பல்ப் இரண்டை மாட்டினார். அறை முழுக்க மஞ்சள் வெளிச்சம் அடித்தது, ஊசி இருபத்து மூன்றுக்கு இறங்கி அசையாமல் நின்றது.

நூல் பிடித்த மாதிரி. அந்த ஒரு கணம் அவருக்குப் பழைய காயில்காரர் திரும்பி வந்தார். மார்பு நிமிர்ந்தது.

"பாத்துக்க மச்சான். கம்பெனிக்காரன் மெஷின் வச்சு செய்யறதை நான் தீக்குச்சி வச்சு செஞ்சேன்."

பல்பைக் கழற்றிவிட்டு, வயர் முனையைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டிலோரம் போனார். பெட்டியின் ஓட்டை பட்டாணி அளவுதான். முனையை அதன் வாயில் வைத்தார்.

"எத்தனைல... வச்சிருக்கீங்க?" என்றார் மனைவி.

"இருபத்தஞ்சு."

"கூட்டிச் சொல்றீங்களா... கூட்டாம சொல்றீங்களா?"

"என்னத்தைக் கூட்டறது? உனக்கு என்ன தெரியும் இதுல? சும்மா பேசாம மூச்சு விடு" என்று கடுகடுத்தார் காயில்காரர்.

"தெரியாதுதான்" என்றார் மனைவி. மூச்சு வாங்கிக்கொண்டார். "எட்டு மாசமா... ஒவ்வொரு தடவையும் மூணு கூட்டுன்னு கேட்டுட்டு இருக்கேன். இன்னைக்கு... ஒரு தடவைகூட... கேக்கல."

முனை பெட்டியைத் தொட்டபடி நின்றது. கூட்டினோமா? முப்பத்திரண்டு என்று படித்தது, கூட்டிப் படித்ததா, கூட்டாமல் படித்ததா? நினைவில் தேடினார். அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, வெள்ளையாக இருந்தது. அவருக்குத் தெரிந்த ஒரே விஷயம், தெரியவில்லை என்பதுதான்.

"கணக்கு சரிதானே மாமா, நான் பாத்தேனே" என்றார் வாத்தியார்.

காயில்காரர் வயரை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனார். மீட்டர் கம்பிகளை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்தார். ஊசி இறங்கி, சுழியத்தைத் தாண்டி, மூன்று கோடு கீழே போய் உட்கார்ந்தது. எப்போதும்போல. மறுபடி டின்னில் வைத்தார். ஊசி இருபத்தைந்துக்கு எழுந்தது.

"மூணு கூட்டு" என்றார். குரல் அவருடையது மாதிரி இல்லை. "இருபத்தெட்டு."

கழித்தது சரி, பெருக்கியது சரி. ஆரம்பித்த எண் தப்பு, அது முப்பத்தைந்தாக இருந்திருக்க வேண்டும். இருபத்தெட்டு வோல்ட் ஒரு விரல்கடை தூரத்தில் நின்றுவிட்டு வந்திருக்கிறது. உள்ளே போயிருந்தால் பட் என்று இன்னொரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரியும் போய், பெட்டியும் போய், மூன்று மணி வரை அவர் கட்டிலோரம் உட்கார்ந்து அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, உட்காருங்க."

"உட்கார நேரமில்லை. எத்தனை எடுக்கணும், சொல்லு."

"மூணு மூணு ஒம்பது. ஒம்பது சுத்து."

இந்த முறை ஒவ்வொரு சுற்றையும் அவர் வாய்விட்டு எண்ணினார். குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று விட்டுவிட்டார். ஆறாவது சுற்றில் சிவப்பு நகப் பூச்சு வைத்த இடம் வெளியே வந்தது. அந்த ஐந்து நிமிஷமும் வீண். ஏழு. எட்டு. பெட்டி இப்போது நிமிஷத்துக்கு ஒரு முறை கீச்சிட்டது. கடைசிக் கோடு சிவப்பாகி, விட்டு விட்டு எரிந்தது. மனைவி கண்ணை மூடியிருந்தார், தோள்கள் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே ஏறி இறங்கின. வாத்தியார் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விரல் கருவியைப் பார்த்தார், எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஒன்பது. வெட்டு, சுரண்டு, ஈயம். பிளக்.

"இருபத்திரண்டு" என்று அறைக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "மூணு கூட்டு, இருபத்தஞ்சு." பல்புகளை மாட்டினார். "இருபது. மூணு கூட்டு, இருபத்து மூணு." வாத்தியாரைக் கூப்பிட்டுக் காட்டினார். வாழ்நாளில் தன் அளவை இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டது அதுவே முதல் தடவை. "நீயும் படி. கோட்டை எண்ணிப் படி."

"இருபது காட்டுது. கூட்டினா இருபத்து மூணு. சரி மாமா."

வயரோடு கட்டிலுக்குப் போனார். முனையை ஓட்டையில் வைத்தார். தள்ளுவதற்குக் கை மறுத்தது. எத்தனையோ ஆயிரம் பிளக்கைச் செருகிய கை. மனைவி கண்ணைத் திறந்து பார்த்தார்.

"செருகுங்க" என்றார்.

செருகினார். பெட்டி ஒரு நொடி மூச்சை நிறுத்தியது. காயில்காரரும் நிறுத்தினார். பிறகு மின்னிய சிவப்புக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது. புஸ். டக். புஸ். டக்.

வாத்தியார் அளவை மூன்றுக்கு ஏற்றினார். எண்பத்தைந்தில் கிடந்த எண், பத்து நிமிஷம் கழித்துத் தொண்ணூற்றொன்றுக்கு வந்தது. காயில்காரர் அதைப் பார்க்கவில்லை. டின்னுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, டிரான்ஸ்ஃபார்மரின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். இளஞ்சூடு. இன்னும் கொஞ்சம் சூடு. இதற்கு மேல் ஏறுமா, இதிலேயே நிற்குமா? வெளியே தெரியாத ஒரு கீறல் உள்ளே எங்கேயாவது இருக்குமா? பன்னிரண்டு மணி, ஒரு மணி, இரண்டு மணி. வாத்தியார் தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்தார், இடது கையால் தள்ளி வைத்தார். தெருவில் விஷயம் பரவி, எதிர்வீட்டுத் தையற்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன காயில்காரரே, கம்பெனி சாமானையே தூக்கிச் சாப்பிட்டுட்டீங்களாமே? வாத்தியார் சொன்னார்."

அப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால் அரை மணி நேரம் விளக்கம் சொல்கிறவர், கையை எடுக்காமலே தலையை மட்டும் ஆட்டினார். "சூடா இருக்கு. அப்புறம் வாங்க."

வண்டி மூன்றே காலுக்கு வந்தது. சிலிண்டரை இறக்கி, குழாயை மாற்றிய பிறகுதான் கையை எடுத்தார். உள்ளங்கை சிவந்து, தகட்டின் வரிவரியான தடம் அதில் பதிந்திருந்தது. வந்தவர்கள் மனைவியைப் பரிசோதித்துவிட்டு, வீட்டிலேயே இருக்கலாம் என்றார்கள். காயில்காரர் போனை எடுத்துக் கம்பெனி ஆளைக் கூப்பிட்டார்.

"தம்பி, அடாப்டர் கொண்டாரும்போது ரெண்டா கொண்டாங்க."

"ரெண்டா ஐயா? நீங்கதான் செஞ்சுக்குவேன்னு..."

"ரெண்டு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் பாலம் திறந்தது. பதினோரு மணிக்குக் கம்பெனி ஆள் வந்து இரண்டு அடாப்டரையும் கொடுத்துவிட்டுப் போனார். அவர் செருகித் தருகிறேன் என்றதற்குக் காயில்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. முதல் அடாப்டரை மேசையில் வைத்து, கரண்டு கொடுத்து, மீட்டரை வைத்தார். வாத்தியார் பள்ளிக்கூடம் போயிருந்தார். வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்.

"இருபத்தொண்ணு" என்றார்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். பதில் இல்லை. கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். மனைவி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். போர்வைக்குக் கீழே ஏதாவது அசைகிறதா என்று தெரியவில்லை. கையிலிருந்த கம்பி ஆடியது, ஊசியும் கூடவே ஆடியது.

"இருபத்தொண்ணு" என்றார் மறுபடியும், இன்னும் சத்தமாக.

"மூணு கூட்டுங்க" என்றார் மனைவி, கண்ணைத் திறக்காமலே. "தூங்கக்கூட விட மாட்டீங்களா?"

"இருபத்து நாலு" என்றார் காயில்காரர். கம்பியை மேசையில் வைத்துவிட்டு, கை நிற்கிற வரைக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.